கிண்ணம் வென்றவரை நீக்கியது சரியா?

வெள்ளவத்தையில் இரவு 12.30க்கு, அம்மா எழும்பிவிடாமல் சத்தத்தை அடைத்துவிட்டு 2025 யூரோப்பா லீக் உதைபந்தாட்ட இறுதி ஆட்டம் பார்த்தேன். 42ஆவது நிமிடம், பிரெனன் ஜோன்சனின் காலில் பட்டும் படாமலும் பந்து உருண்டு உள்ளே போனது. அழுதுவிட்டேன். லண்டன் கழகமான டொட்டன்ஹாமுக்கு 17 வருடங்களுக்குப் பிறகு ஒரு கிண்ணம்! பதினாறே நாளில் பயிற்சியாளர் பொஸ்டெகோக்லுவை நீக்கிவிட்டார்கள். நியாயமா, அண்ணாமார்?

பதில்: நியாயம்தான் தம்பி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, 17ஆம் இடம். எந்தக் கழகம் பொறுக்கும்?

பதில்: காயங்களையும் பாருங்கள். தடுப்பு வீரர்கள் ரொமேரோ, வான் டி வென் இருவரும் மாதக்கணக்கில் இல்லை. நடுக்களத்தில் ஆட வேண்டிய 18 வயது ஆர்ச்சி கிரே தடுப்பில் நின்றார், பாவம்.

கேட்டவர்: அந்த 22 தோல்விகளையும் விழித்திருந்து பார்த்தவன் நான், அண்ணா. அப்படியிருந்தும் இன்னொரு பருவம் கொடுத்திருக்க வேண்டும்.