டேலியை விட்டு மாறலாமா? பனியன் கம்பெனிக்கு எந்த ஈஆர்பி?

கட்டிங்டேபிள்:
திருப்பூரில் பனியன் கம்பெனி. கணக்கு டேலியில், புரொடக்‌ஷன் எக்ஸெலில். சிஸ்டத்தில் உட்காருபவர்கள் 14 பேர். கணக்கு, ஸ்டாக், புரொடக்‌ஷன் எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில் இருக்கும் ஈஆர்பி தேடுகிறோம். எஸ்ஏபி பிசினஸ் ஒன், ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் மூன்றுக்கும் டெமோ பார்த்தாயிற்று. முதலாளி "எது மலிவு?" என்று மட்டும் கேட்கிறார். என் கவலை வேறு. சாயப்பட்டறைக்கு 500 கிலோ துணி போனால் 470தான் திரும்பி வருகிறது. அப்புறம் கட்டிங்கில் கிலோ பீஸாகிவிடுகிறது. இதற்கு எது வளைந்து கொடுக்கும்?

ஊத்துக்குளிவெண்ணெய்:
தம்பி, நாங்கள் முதலில் மலிவு பார்த்துத்தான் ஒரு ரெடிமேட் பேக்கேஜ் வாங்கினோம். பெயர் வேண்டாம். டிசியில், அதாவது சரக்கோடு போகும் டெலிவரி சலானில், சாய லாட் நம்பருக்கு ஒரு கட்டம் கேட்டோம். ஒரே ஒரு கட்டம்! தனி கொட்டேஷன் வந்தது, ஆறு வாரம் இழுத்தது. அதுவரை எங்கள் பையன் லாட் நம்பரைப் பார்ட்டி பெயருக்குப் பின்னாலேயே அடித்து வைத்தான். வருடக் கடைசியில் ஒரே சாயப்பட்டறை லெட்ஜரில் பதினேழு பெயரில் நின்றது. ஆடிட்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிசினஸ் ஒன்னில் ஆளுக்கு ஒரு லைசென்ஸ். புரொஃபஷனல், லிமிடெட் என்று தரம் உண்டு. செக்கிங் சூப்பர்வைசருக்கு லிமிடெட் போதுமா என்று கேளுங்கள், விலை இறங்கும். கட்டம் சேர்ப்பது அதிலும் சுலபம்தான். கிலோ-பீஸ் கணக்குக்கு அதை விற்கும் பார்ட்னர் கம்பெனி ஆள் வர வேண்டியிருக்கும். அதற்குத் தனி பில்.

ஓடூவில் கம்யூனிட்டி என்ற பதிப்பு இலவசம், ஆனால் அதில் இன்வாய்ஸ் உண்டு, முழுக் கணக்கு இல்லை. எண்டர்பிரைஸ் பதிப்புக்குப் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று சந்தா. வருடாவருடம் புது வெர்ஷன் வரும், கடைசி மூன்றுக்குத்தான் சப்போர்ட். காசு கொடுத்து எழுதி வாங்கிய மாட்யூலைப் புது வெர்ஷனுக்கு ஏற்ப மறுபடி திருத்த வேண்டும். இது டெமோவில் வராது.

இப்போது ஈஆர்பிநெக்ஸ்டில் இருக்கிறோம். ஆள் கணக்கில் லைசென்ஸ் கிடையாது. 14 பேரானாலும் 40 பேரானாலும் ஒன்றுதான். அந்த லாட் நம்பர் கட்டத்தை டீ ஆறுவதற்குள் நானே சேர்த்தேன். ஜிஎஸ்டிக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற ஆப்பைத் தனியாகப் போட வேண்டும். சர்வர், பேக்கப், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் என்று மாதச் செலவு இருக்கிறது. முதலாளியிடம் "இலவசம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேரேடு:
டேலியை எதற்கு விடணும்? அதில் கோல்ட் லைசென்ஸ் எடுத்தால் ஆபீஸ் நெட்வொர்க்கில் எத்தனை பேரும் உட்காரலாம். டேலியை நமக்கேற்ப மாற்றும் டிடிஎல் புரோகிராம் எழுதுகிறவர்களும் கிடைப்பார்கள். கணக்கு அங்கேயே இருக்கட்டும், புரொடக்‌ஷனுக்கு மட்டும் வேறு பாருங்கள்.

கட்டிங்டேபிள்:
அதைத்தானே சார் இப்போது செய்கிறோம்? ஸ்டாக் இரண்டு இடத்தில். மார்ச் 31 ராத்திரி எது சரி என்று தெரியாமல் குடோனில் டார்ச் அடித்து ரோல் எண்ணினோம்.

ஊத்துக்குளிவெண்ணெய்:
அப்படியென்றால் அவர்கள் டேட்டாவில் டெமோ பார்க்காதீர்கள். உங்கள் பழைய ஆர்டர் ஒன்றைக் கொடுங்கள், நூல் பில்லிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வரை. நடுவில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். "ஆபீஸ் போய் அனுப்புகிறோம்" என்றால் அதையும் செலவில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டிங்டேபிள்:
சரிங்கண்ணா. சனிக்கிழமை மூன்று பேரையும் வரச் சொல்லிவிட்டேன். அந்த 470 கிலோ டிசியை மூன்று ஜெராக்ஸ் எடுத்தாயிற்று.