ரீகர்வ் வில்லில் அம்பு இடப்பக்கமே போகிறது. எல்க் மான் வேட்டைக்கு லிம்பை (வில்லின் வளையும் கையை) மாற்றணுமா, அம்பை மாற்றணுமா?

குன்னிசன் புதியவன்:
வணக்கம். இருப்பது கொலராடோவில். இத்தனை நாள் கப்பி வைத்த காம்பவுண்டு வில். இந்த செப்டம்பரில் ரீகர்வோடு (கப்பி இல்லாத, நுனி முன்பக்கம் வளைந்த வில்) எல்க் வேட்டைக்குப் போக ஆசை. 62 அங்குல டேக்டவுன் (கழற்றி மாட்டும்) வில், லிம்பில் 50 பவுண்டு இழுவிசை என்று எழுதியிருக்கிறது. என் இழுப்பு இருபத்தாறரை அங்குலம், வலதுகைக்காரன். அம்பு பழைய காம்பவுண்டு அம்புதான்: கார்பன், 340 ஸ்பைன் (வளையும் அளவைச் சொல்லும் எண்), 28 அங்குலத்துக்கு வெட்டியது, 100 கிரெய்ன் (அம்பை எடைபோடும் சின்ன அலகு) முனை, பிளாஸ்டிக் இறகு, மொத்தம் 400 கிரெய்ன்.

15 கஜத்தில் விட்டால் ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குத்துகிறது. வாலை ஆட்டிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிகிறது. நாண் சத்தம் வேறு. கூட வருபவர் 55 பவுண்டுக்குக் குறைந்தால் எல்க்கைத் தொடவே கூடாது என்கிறார். லிம்பை மாற்றிவிடலாமா?

தச்சுப்பட்டறை:
லிம்பைத் தொடாதீர்கள். உங்கள் வில்லுக்கு அந்த அம்பு ரொம்ப விறைப்பு.

50 பவுண்டு என்பது 28 அங்குலம் இழுத்தால் வரும் கணக்கு. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டரை, மூன்று பவுண்டு போகும். ஆக உங்கள் விரலில் நிற்பது 46 பக்கம்தான். ஸ்பைன் எண்ணையும் பாருங்கள்: 28 அங்குல இடைவெளியில் அம்பைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறதோ அதுதான் எண். 340 என்றால் 0.340 அங்குலம். எண் கூடினால் நெகிழ்வும் கூடும். ரீகர்வில் அம்பு கைப்பிடியை வளைந்து சுற்றித்தான் வெளியே போகணும். வளையாத அம்பு பிடியில் உரசி இடப்பக்கம் விலகும். 55 லிம்ப் போட்டால் அம்பு கொஞ்சம் அதிகம் வளையும், அதைச் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

அப்புறம் அந்த பிளாஸ்டிக் இறகு. ஷெல்ஃப் (கைப்பிடியில் அம்பு தங்கும் விளிம்பு) மேலேயே அம்பை வைத்து விடுகிறீர்கள் என்றால் அது ஷெல்ஃபில் தட்டும், வால் உதறும். நிஜ இறகு தட்டினால் மடங்கிக்கொடுக்கும்.

500, 600 ஸ்பைனில் ரெண்டு மூணு மட்டும் வாங்குங்கள், வெட்டாமல் முழு நீளத்தில். 50 கிரெய்ன் பித்தளை இன்சர்ட் (முனையைத் திருக அம்புக்குள் ஒட்டும் துண்டு), 175 கிரெய்ன் முனை. இறகு உள்ளதையும் இறகில்லாததையும் மாற்றி மாற்றி 12 கஜத்தில் விடுங்கள். வலதுகைக்காரருக்கு வெற்று அம்பு இடப்பக்கம் குத்தினால் விறைப்பு, வலப்பக்கம் குத்தினால் நெகிழ்வு. ஆனால் முதலில் மேல், கீழைச் சரிசெய்யுங்கள். வெற்று அம்பு கீழே குத்தினால் நாணில் நாக் புள்ளி (அம்பின் வாலைக் கோர்க்கும் இடம்) உயரம் அதிகம், மேலே குத்தினால் குறைவு. அது தப்பாக இருந்தால் அம்பு ஷெல்ஃபில் மோதி இடம் வலத்தையும் குழப்பிவிடும்.

சத்தம் முக்கால்வாசி எடைப் பிரச்சினை. லேசான அம்பு எடுத்துக்கொள்ளாத விசை வில்லிலேயே அதிர்வாக நிற்கும். பவுண்டுக்கு 10 கிரெய்னுக்கு மேலே போங்கள். நான் சொன்ன அமைப்பு ஏறக்குறைய 500 கிரெய்ன் வரும். நாணை முறுக்கி, பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி ஏழரையிலிருந்து எட்டு அங்குலத்துக்குள் எங்கே அமைதியாகிறது என்று பாருங்கள்.

ஊதுகொம்பு:
பட்டறைக்காரர் சொன்னது எல்லாம் சரி. 55 பவுண்டு விஷயத்துக்கு மட்டும் வருகிறேன். கொலராடோ சட்டப்படி 35 பவுண்டு இருந்தாலே போதும். அது சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். நான் எல்க்குக்கு 45-க்குக் கீழே இறங்கமாட்டேன். நீங்கள் 46-இல் இருக்கிறீர்கள், போதும். பத்தாயிரம் அடி உயரத்தில், விடிகாலைக் குளிரில், முழங்காலில் உட்கார்ந்து இழுக்கும்போது 55 கையை நடுங்கவைக்கும். தாடையோரம் விரல் வந்து சேர்வதற்குள்ளேயே விட்டுவிடுவீர்கள்.

முனை: இரண்டு அலகு, நிலையான பிராட்ஹெட் (வேட்டைக்கான வெட்டும் முனை). விரியும் முனை வேண்டவே வேண்டாம், விரிவதற்கே விசையைத் தின்னும். சட்டம் கேட்பது குறைந்தது முக்கால் அங்குலத்துக்கும் கொஞ்சம் கூட, அதாவது 7/8 அங்குல அகலம், இரண்டு எஃகு அலகு. புது முனையை அப்படியே நம்பாதீர்கள். கை ரோமத்தை வழிக்கிற வரை தீட்டுங்கள்.

ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். தோள்பட்டை எலும்பில் பட்டால் எந்த பவுண்டும் உதவாது. பக்கவாட்டில் நின்றாலோ, சற்று அப்பால் திரும்பி நின்றாலோ மட்டும் விடுங்கள். எல்க் குரலில் கூப்பிட்டால் நேர் எதிரே முகம் காட்டிக்கொண்டு வரும். அதனால் கூப்பிடுபவரை உங்களுக்கு 40 கஜம் பின்னால் உட்காரவையுங்கள். அவரைத் தேடிப் போகிற எல்க் உங்களைப் பக்கவாட்டில் கடக்கும். அந்த 55 பவுண்டு நண்பருக்கு நல்ல வேலை!

குன்னிசன் புதியவன்:
500 வாங்கி, முப்பது அங்குலமாகவே விட்டுப் பார்த்தேன். வால் ஆட்டம் போயேபோச்சு. வெற்று அம்பு இப்போது நாலு விரற்கடை வலப்பக்கம் குத்துகிறது. சத்தமும் பாதிதான். மர அம்புக்கு மாறலாமா என்று ஒரு சபலம்.

தச்சுப்பட்டறை:
வலப்பக்கம் என்றால் லேசான நெகிழ்வு. பின்பக்கம் கால் அங்குலம் வெட்டுங்கள், விட்டுப்பாருங்கள், மறுபடி கால் அங்குலம். அவசரப்பட்டு ஓர் அங்குலம் ஒரேயடியாக வெட்டினால் ஒட்டவைக்க முடியாது. வெற்று அம்பு ஒரு விரற்கடைக்குள் வந்ததும் நிறுத்திவிட்டு, அதே 225 கிரெய்ன் கணக்கில் (இன்சர்ட் 50, முனை 175) பிராட்ஹெட் மாட்டிச் சோதியுங்கள்.

போர்ட் ஓர்ஃபோர்ட் சிடார் அம்பு கையில் எடுத்தாலே வாசனையாக இருக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு தண்டையும் எடை, ஸ்பைன் பார்த்துப் பொறுக்கணும், அடிக்கடி நிமிர்த்தணும். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஊதுகொம்பு:
ஒன்று விட்டுப்போச்சு. தினமும் காலையில் உடம்பு சூடேறும் முன்பு ஒரே ஓர் அம்பு விட்டுவிட்டு உள்ளே போய்விடுங்கள். அந்த ஓர் அம்பு எத்தனை கஜம் வரை சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். 18 என்றால் 18. இருபதுக்கு மேலே நிற்கிற எல்க்கை வேடிக்கை பாருங்கள்.