ரொட்டவேட்டர் போட்டால் மட்டும் இஞ்சின் சூடாகிறது – எங்கே பார்ப்பது?

மேழி:
வணக்கம். 45 குதிரைத்திறன் டிராக்டர், பின்னால் ரொட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி). டிரெய்லர் இழுக்கும்போது சூட்டு முள் நடுவிலேயே நிற்கிறது. அறுவடை முடிந்து நிற்கும் காய்ந்த பயிர்த் தாளில் ரொட்டவேட்டரை இறக்கி ஓட்டினால் அரைமணி நேரத்தில் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. தண்ணீர் குறைந்திருக்குமோ என்று ரேடியேட்டர் மூடியைத் திருகினேன், புஸ்ஸென்று சீறியது, அப்படியே விட்டுவிட்டேன். தாள் சுற்றிக்கொண்டால் இறங்கிக் கையால் இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுகிறேன். பேட்டரி வீக் என்பதால் இஞ்சினை அணைப்பதில்லை. இஞ்சின் சுழற்சியை ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட் மேலிருந்த பிளாஸ்டிக் உறை உடைந்துவிட்டது, கழற்றி வைத்துவிட்டேன். சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன். சூட்டைப் பொறுத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

கிரீஸ் கை:
தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம். அது இல்லாவிட்டால் இஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், டீசல் சரியாக எரியாது. சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி வந்து, சூடு இன்னும் கூடும். பழுது என்று தெரிந்தால் புதிது மாற்றுங்கள், சும்மா கழற்றிப் போடாதீர்கள்.

டிரெய்லரில் சூடாகவில்லை, காய்ந்த தாளில்தான் சூடாகிறது என்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் ரேடியேட்டரின் முன்பக்கம். ஃபேன் காற்றை முன்னாலிருந்து உறிஞ்சும்போது தூசியும் தூளும் சேர்ந்து வந்து வலையிலும் தகடுகளுக்கு நடுவிலும் அப்பிக்கொள்ளும். வெளிவலையைத் தட்டிவிட்டால் சுத்தமானது போலத்தான் தெரியும், உள்ளே கம்பளி மாதிரி படிந்திருக்கும். இஞ்சின் ஆறிய பிறகு ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் காற்றடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். அழுத்தத்தைக் குறைத்து, தகடு மடங்காமல் நேராக அடிக்க வேண்டும்.

அப்புறம் ஃபேன் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் பொதுவாக ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம். சரியான அளவு உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும். தொளதொளவென்று இருந்தால் சுமையில் வழுக்கும். தண்ணீரைப் பாருங்கள், ஆனால் மூடியைத் தொடுவதற்கு முன் மேல் ஹோஸில் கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த அந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். நீங்கள் விட்டுவிட்டது நல்லதாகப் போயிற்று. கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது, ஹெட் விரிசல் விடலாம்.

முள் சிவப்புக்குப் போனால் சுமையை எடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணையுங்கள். பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டிப்போயிருந்தாலோ மட்டும் உடனே அணைத்துவிட வேண்டும்.

கலப்பை:
சூட்டுக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரண்டு வரிகள்தான். இஞ்சின் ஓட இறங்குகிறீர்கள், ஷாஃப்ட்டில் உறையும் இல்லை. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. துணியின் நுனி சிக்கினால் கையை இழுக்க நேரமே இருக்காது.

என் சட்டைக் கை ஒருமுறை ஷாஃப்ட்டின் பூட்டு ஊசியில் மாட்டியது. இரண்டு முழத் துணிதான், ஆனால் என்னைக் கீழே தள்ளிவிட்டு மணிக்கட்டு எலும்பை முறித்தது. துணி பழையது, கிழிந்துவிட்டது. அதனால்தான் கை மிஞ்சியது. அன்றும் "ஒரு நிமிட வேலைதானே" என்றுதான் இறங்கினேன்.

பி.டி.ஓ. நெம்புகோலை விலக்குங்கள், ரொட்டவேட்டரைத் தரையில் இறக்குங்கள், நியூட்ரல், ஹேண்ட் பிரேக், இஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போடுங்கள். கத்திகள் முழுதாக நின்ற பிறகு இறங்குங்கள். தூக்கி வைத்த ரொட்டவேட்டருக்கு அடியில் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிக் கை நீட்டக் கூடாது. அடியில் வேலை இருந்தால் கனமான கட்டை கொடுங்கள். பேட்டரியை மாற்றுங்கள் தம்பி, அணைக்க மனம் வராததற்கு அதுதானே காரணம்.

மேழி:
அண்ணா, படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ரேடியேட்டர் நீங்கள் சொன்ன மாதிரியேதான், தகட்டுக்குள் ஒரு கை நிறையத் தூள் வந்தது. பெல்ட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். நேற்று இரண்டு மணி நேரம் ஓட்டினேன், முள் நடுவைத் தாண்டவில்லை. பேட்டரி மாற்றியாகிவிட்டது. புது உறையும் போட்டுவிட்டேன், அதன் இரண்டு பக்கமும் ஒரு சின்னச் சங்கிலி தொங்குகிறது. அது எதற்கு?

கிரீஸ் கை:
உறை ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். ஒன்றை டிராக்டர் பக்கமும் மற்றதை ரொட்டவேட்டர் பக்கமும் அசையாத இடத்தில் மாட்டுங்கள். லிஃப்ட் ஏறி இறங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விடுங்கள், தொங்கி ஷாஃப்ட்டில் சுற்றுகிற அளவு வேண்டாம். மாட்டுவதற்கு முன், எல்லாம் அணைந்திருக்கும்போது உறையைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஷாஃப்ட் நகராமல் உறை மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். பிடித்துக்கொண்டால் உள்ளே பேரிங்குக்குக் கிரீஸ் வையுங்கள்.