முல்லைத்தீவுக் கரையில் சிங்க் ஸ்பிரே அடித்த இரும்பு உரிகிறது: ஆலோசனை வேணும்

வணக்கம் உறவுகளே. எங்கட மீனவர் சங்கத்துத் தண்ணீர்த் தாங்கியின்ர இரும்புத் தாங்குநிலை கடலுக்கு மிகக் கிட்ட நிற்குது. உயரம் 6 மீற்றர், ஆங்கிள் இரும்பு. போன ஆவணியில வெளியூர்ப் பட்டறை ஒன்று இரட்டைக் கம்பி ஆர்க் முறையில (ரெண்டு சிங்க் கம்பியை மின்பொறியால உருக்கிக் காத்தால அடிக்கிறது) சுத்த சிங்க், அதாவது துத்தநாகம், அடிச்சுத் தந்தது. பூச்சின்ர தடிப்பு அளக்கிற மீற்றரில 120 மைக்ரோன் காட்டினது. மேலே சீலர் (சிங்கின்ர நுண்துளையளை அடைக்கிற பூச்சு) பூசேல்லை.

வாடைக்காத்து முடிஞ்சதும் வெல்டிங் மூட்டுகளிலும் ஆங்கிள் விளிம்புகளிலும் கொப்புளம். கத்தி நுனியால கிளப்பினால் தகடாக் கழருது. அடியில இரும்பு வழுவழுப்பா, கருமையாக் கிடக்குது. மணல் பிளாஸ்டிங் (மணலை வேகமா அடிச்சு இரும்பைச் சுத்தமாக்கிச் சொரசொரப்பாக்கிறது) பிடிச்ச சொரசொரப்பே இல்லை. சில இடத்தில செங்கறளும் வந்திட்டுது. தட்டையான பக்கங்களில வெள்ளைப் பொடி மட்டும்தான், பூச்சு இறுக்கமா நிற்குது. அது சிங்க் தேயிற அடையாளம், அதுக்கு நான் பயப்படேல்லை.

நல்ல தண்ணியால கழுவிப் பாத்தம். வயர் பிரஷ் போட்டுச் சிங்க் பெயின்ற் பூசினம், அதுவும் விளிம்பில திரும்பக் கிளம்பீட்டுது. பட்டறைக்காரர் உப்புக்காத்துத்தான் காரணம் எண்டுறார். எனக்கெண்டால் பிளாஸ்டிங் சரியா நடக்கேல்லை எண்டுதான் படுது, ஏனெண்டால் ஸ்பிரேயில அடிக்கிற உருகின சிங்க் இரும்போட உருகிச் சேராது, சொரசொரப்பைப் பிடிச்சுத்தான் நிற்கும். மேலே ஏறித் தண்ணி திறக்கிற பெடியள் இருக்கினம், தள்ளிப்போட ஏலாது.

இந்த வேலை தெரிஞ்சவை சொல்லுங்கோ: உரிஞ்ச மூட்டுகளை மட்டும் நின்ற இடத்திலேயே பிளாஸ்ட் பண்ணித் திரும்ப ஸ்பிரே அடிச்சு, சீலர் பூசினால் நிற்குமோ, இல்லை முழுப் பூச்சையும் எடுக்கத்தான் வேணுமோ?