903 இன்னிங்ஸ் போதுமா? பில்லி வாக்னருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கொடுத்தது சரியா

பழைய ரசிகன்:
2025 ஜனவரியில் வாக்னரை 82.5 சதவீத ஓட்டோடு அமெரிக்க பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமுக்குள், அதாவது தலைசிறந்த வீரர்களுக்கான கௌரவ மண்டபத்துக்குள், விட்டுவிட்டார்கள். பத்தாவது வருஷம், அதாவது கடைசி வாய்ப்பு. 2016-இல் முதல் தடவை பட்டியலில் வந்தபோது கிடைத்தது 10.5 சதவீதம், தேவையோ 75. நடுவில் அவர் ஒரு பந்துகூடப் போடவில்லையே, எப்படி இவ்வளவு நல்ல பிட்சர் (பந்து எறிபவர்) ஆனார்? 16 சீசனில் மொத்தம் 903 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் மூன்று பேரை அவுட் ஆக்கினால் ஒரு இன்னிங்ஸ், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது). அவரை மாதிரியே குளோசராக, அதாவது கடைசி இன்னிங்ஸில் வந்து முன்னிலையைக் காக்கிற பிட்சராக இருந்த ப்ரூஸ் சட்டர்கூட 1,042 போட்டிருக்கிறார். யோஹான் சந்தானா 2,025 இன்னிங்ஸ் போட்டு சீசனின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு தடவை வாங்கியவர், அவரை 2018-இல் முதல் வருஷமே பட்டியலிலிருந்து தூக்கினார்கள். இது எந்த ஊர் நியாயம்?

இடதுகை:
சந்தானாவுக்கு நடந்தது அநியாயம்தான். அதற்கு வாக்னர் என்ன செய்வார்? அந்த 903 இன்னிங்ஸில் என்ன செய்தார் என்று பாருங்கள்: 1,196 ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்), ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன், குறைந்தால் நல்லது) 2.31, எதிரணி பேட்டிங் சராசரி .187, அதாவது ஆயிரத்துக்கு 187 தடவைதான் ஹிட், அடித்து பேஸ் சேர்ந்தார்கள். சீசன் முழுக்க .187 அடிக்கிறவனை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாது. இவர் எதிரே நின்றால் எல்லாருமே அந்த ஆள் ஆகிவிடுவார்கள். உயரம் வெறும் ஐந்தடி பத்து அங்குலம், பந்து நூறு மைல் வேகம். அதுவும் பிறவி இடதுகைக்காரர் இல்லை. சின்ன வயதில் வலது கை இரண்டு தடவை உடைந்ததால் இடது கையால் எறியப் பழகினவர்.

பழைய ரசிகன்:
கதை உருக்கமாகத்தான் இருக்கிறது, ஓட்டு கதைக்கு இல்லையே. ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ரன் முன்னிலையோடு வந்து, மூன்று பேரை அவுட் ஆக்கினாலே சேவ் எழுதிக்கொடுக்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரான ஸ்டார்ட்டர் ஆறேழு இன்னிங்ஸ் வியர்வை சிந்திக் கட்டின வீட்டுக்குக் கடைசியில் வந்து பூட்டுப் போடுகிற வேலை அது. 422 சேவ் என்றால் 422 பூட்டு, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
சேவ் ஒரு மோசமான கணக்கு என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் அது வாக்னருக்கு எதிரான வாதம் ஆகாது. 2003 ஜூன் 11, யாங்கி ஸ்டேடியம். அப்போது வாக்னர் ஆடிய ஹியூஸ்டன் அணியின் ஸ்டார்ட்டர் ராய் ஆஸ்வால்ட் இரண்டாவது இன்னிங்ஸிலேயே தொடை இடுக்கில் வலி என்று வெளியேறிவிட்டார். மன்ரோ, சார்லூஸ், லிட்ஜ், டோடெல் என்று ஆள் மாற்றி ஆள் போட்டு, யாங்கீஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை இழுத்து வந்து பந்தை வாக்னர் கையில் கொடுத்தார்கள். இரண்டு பேர் ஸ்டிரைக்அவுட். அப்புறம் மட்சுயி தரையோடு அடித்த பந்தை பாக்வெல் எடுத்துத் தர, வாக்னரே ஓடிப்போய் முதல் பேஸை மிதித்து ஆட்டத்தை முடித்தார். ஆறு பேர் சேர்ந்து போட்ட நோ-ஹிட்டர். அதற்கு முன் யாங்கீஸை ஹிட்டே இல்லாமல் அடக்கியது 1958-இல் ஹாய்ட் வில்ஹெல்ம், ரிலீவர்களில் (ஸ்டார்ட்டருக்குப் பின் வந்து போடும் பிட்சர்களில்) முதன்முதலாக ஹால் ஆஃப் ஃபேம் போனவர். சரி, அன்று வாக்னருக்கு சேவ் உண்டா? கிடையாது. ஸ்கோர் 8-0, விதிப்படி அது சேவ் சந்தர்ப்பமே இல்லை. ஆகவே சேவை விடுங்கள், ரன் கொடுத்தாரா என்று மட்டும் பாருங்கள்.

பழைய ரசிகன்:
பார்த்துவிடலாமே. போஸ்ட்சீசனில், அதாவது சீசன் முடிந்தபின் சாம்பியனைத் தீர்மானிக்கும் தொடர்களில், பதினொன்றே முக்கால் இன்னிங்ஸ்கூட இல்லை, ஈ.ஆர்.ஏ. 10.03. பதின்மூன்று ரன்! 2006-இல் மெட்ஸ் அணியில் இருந்தபோது, கார்டினல்ஸுக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டம், 6-6 என்று சமமாக இருக்கும்போது ஒன்பதாவது இன்னிங்ஸில் டகுச்சியிடம் ஹோம் ரன் வாங்கினார். அந்த சீசன் முழுக்க டகுச்சி அடித்ததே இரண்டு ஹோம் ரன், தெரியுமில்லையா. யாங்கீஸின் குளோசர் ரிவேராவைப் பாருங்கள், போஸ்ட்சீசனில் 141 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 0.70. குளோசர் என்றால் அது.

இடதுகை:
ரிவேராவை அளவுகோலாக வைத்தால் வேறு எந்த ரிலீவரும் தேற மாட்டார். அவர் ஒருவர்தான் நூறு சதவீத ஓட்டு வாங்கினவர். பன்னிரண்டு இன்னிங்ஸைக்கூட எட்டாத கணக்கை வைத்து 903 இன்னிங்ஸை அழிக்க முடியுமா? அதே தொடரின் ஏழாவது ஆட்டத்தை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். 1-1 சமநிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், மெட்ஸின் சொந்த மைதானம். மேனேஜர் ராண்டால்ஃப், இன்னொரு ரிலீவரான ஹைல்மனையே தொடர்ந்து போட விட்டார். கார்டினல்ஸின் மொலினா அடித்த ஹோம் ரன்னில் மெட்ஸின் சீசன் முடிந்தது. வாக்னர் ரிலீவர்கள் காத்திருக்கும் புல்பென்னிலேயே இருந்தார்.

பழைய ரசிகன்:
முந்தின நாள் ஆறாவது ஆட்டத்தில் அதே டகுச்சி இவரிடம் இரண்டு ரன் வரவைத்த டபுள் (இரண்டாவது பேஸ் வரை ஓடும் அடி) அடித்திருந்தார். நான் மேனேஜராக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

கணக்குப்பிள்ளை:
யோசிக்கலாம். ஆனால் 903 ஏன் 903 ஆனது என்பதற்கு அந்த ஆட்டமே சாட்சி. முன்னிலை இருந்தால்தான் குளோசர், சமநிலையில் பல தடவை பெஞ்ச் என்பது அந்தக் காலத்து மேனேஜர்களின் பழக்கம். முந்தைய தலைமுறை ரிலீவர் காசேஜ் 1,800 இன்னிங்ஸ் போட்டது பெரும்பாலும் அவரை இரண்டு, மூன்று இன்னிங்ஸ் தொடர்ந்து போட விட்டதால். வாக்னரிடம் ஒன்றுதான் கேட்டார்கள். கேட்டதைக் கொடுத்தவனிடம் கேட்காததைக் காட்டு என்றால் எப்படி?

பழைய ரசிகன்:
வேலை சின்னது என்றால் பரிசும் சின்னதாக இருக்கட்டும், அதைத்தான் சொல்கிறேன். 2010-இல் அட்லாண்டாவில் 37 சேவ், 1.43 ஈ.ஆர்.ஏ., இன்னும் வேகம் குறையாத ஆள், குடும்பத்தோடு இருக்கணும் என்று வீட்டுக்குப் போய்விட்டார். அது அவர் இஷ்டம், குறை சொல்லவில்லை. ஆனால் போடாத இன்னிங்ஸுக்கும் சேர்த்து மார்க் போட முடியாது. அப்புறம், 437 சேவ் வைத்திருக்கிற ஃப்ரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் என்ன பாவம் செய்தார்? 2008-இல் மட்டும் 62, ஒரே சீசனில் அதுதான் சாதனை.

இடதுகை:
ரோட்ரிகஸ் ஈ.ஆர்.ஏ. 2.86. வாக்னரைவிட எழுபது இன்னிங்ஸ் கூடுதலாகப் போட்டு, நூறு ரன்னுக்குக் கிட்டக் கூடுதலாகக் கொடுத்தவர். சேவ் வெறும் பூட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள், இப்போது 437-ஐத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நூறு இல்லை, எண்பதுக்குள்தான் வரும், போட்டுப் பாருங்கள். அடுத்த சண்டைக்கு இன்னொரு குளோசர் கென்லி ஜான்சன் இருக்கிறார், 470 சேவைத் தாண்டிவிட்டார்.