பழைய லாரியின் ஸ்பிண்டிலில் புதிய பேரிங்: கோன் எவ்வளவு இறுக்கமாக ஏற வேண்டும்?

கேள்வி

வணக்கம். பழைய லாரி ஒன்றின் முன் அச்சில் இருபுறமும் உள் பேரிங், வெளி பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றை மாற்றி வருகிறேன். புதிய கப்புகளை (பேரிங்கின் வெளி வளையங்களை) ஹப்பில் (சக்கரத்தின் நடுக்கூட்டில்) இறக்கியாயிற்று. ஸ்பிண்டிலில் (ஹப்பைத் தாங்கும் அச்சு முனையில்) ஏற்றிப் பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. இடப்புறம் உள் பேரிங்கின் கோன் (ரோலர்களோடு கூடிய உள் வளையம்) பாதி தூரத்தில் நின்றுவிடுகிறது. வலப்புறமோ எளிதாக ஏறிவிடுகிறது. ஆனால் விரலால் அசைத்தால் மேலும் கீழுமாகச் சற்றே ஆடுகிறது, ஸ்பிண்டிலின் அடிப்பக்கத்தில் மங்கலான நீல நிறமும் தெரிகிறது. இடப்புறத்தைக் குழாய் வைத்துத் தட்டி ஏற்றலாம் என்றும், வலப்புறத்தில் சென்டர் பஞ்சால் (கூர்முனைக் கருவியால்) புள்ளிகள் அடித்துப் பிடிப்பை உண்டாக்கலாம் என்றும் ஒருவர் கூறினார். இரண்டுக்கும் மனம் ஒப்பவில்லை. எது சரியான முறை?

மறுமொழி 1

இரண்டும் வேண்டாம். இங்கே சுழல்வது ஹப்பும் அதனுள் இருக்கும் கப்பும்தான், ஸ்பிண்டில் சுழல்வதில்லை. ஆகவே கப் ஹப்பில் இறுக்கமாக அமர வேண்டும், கோன் ஸ்பிண்டிலில் கையால் தள்ளினால் ஏற வேண்டும். நட்டைத் திருகும்போது கோன் நகர்ந்து கொடுத்தால்தான் டேப்பர் ரோலர் பேரிங்கின் (சாய்வான ரோலர்கள் கொண்ட இந்தப் பேரிங்கின்) ஆட்டத்தை, அதாவது உள்ளும் வெளியுமான சிறு அசைவை, சரிசெய்யவே முடியும். மேலும், பாரம் எப்போதும் ஸ்பிண்டிலின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது; ஓட்டத்தில் கோன் மிக மெதுவாகத் திரும்பிக்கொண்டே போவதால்தான் அதன் ஒரே இடம் முழுச் சுமையையும் தாங்காமல் தப்புகிறது. தட்டி ஏற்றிய கோனுக்கு இந்த இரண்டு வசதியும் இல்லாமல் போகும்.

இடப்புறத்தை மண்ணெண்ணெயால் கழுவி, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பழைய பேரிங்கைக் கழற்றும்போது எழும்பிய பிசிறு ஏதேனும் இருக்கும். அந்த மேட்டை மட்டும் நுண்ணிய எண்ணெய்க் கல்லால் சமப்படுத்துங்கள். எமரித் துணியைச் சுற்றி முழு ஸ்பிண்டிலையும் தேய்த்தால் விட்டமே குறைந்துவிடும். பிறகு கிரீஸை மெல்லிய படலமாகத் தடவி ஏற்றுங்கள்.

வலப்புறத்தை மைக்ரோமீட்டரால் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் அளந்து எழுதுங்கள். பஞ்ச் புள்ளிகள் சிறிது ஓட்டத்திலேயே நசுங்கிவிடும். உதிரும் இரும்புத் துகள் கிரீஸோடு கலந்து புதிய பேரிங்கையும் அரிக்கும்.

மறுமொழி 2

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பேரிங் எண் முழுவதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உள்விட்டம் சரியாக இருந்தும், கோனின் உள்முனை வளைவு ஸ்பிண்டில் தோளோடு சேரும் அடி வளைவைவிடச் சிறியதாக இருந்தால், கோன் தோளில் (ஸ்பிண்டில் தடிக்கும் படியில்) அமராமல் வளைவின் மேலேயே நின்றுவிடும். கோனை முழுவதும் தள்ளிவிட்டு, தோளுக்கும் அதற்கும் இடையே மெல்லிய பீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் தகடு) நுழைகிறதா என்று சோதித்தால் தெரிந்துவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எண்கள் சரியாகவே உள்ளன. இடப்புறம் ஒரு பிசிறு இருந்தது. அதை நீக்கியதும் கோன் கையாலேயே ஏறித் தோளில் இடைவெளியின்றி அமர்கிறது. வலப்புறம் மேல்கீழ் அளவு, பக்கவாட்டு அளவைவிட 0.15 மி.மீ. குறைவாக உள்ளது. வெல்டிங் வைத்துக் கடைந்து கொள்ளலாமா?

மறுமொழி 1

நான் அதற்கு உடன்பட மாட்டேன். ஸ்பிண்டிலின் அடி வளைவுதான் மிகுதியான வளைப்புச் சுமையைத் தாங்கும் இடம். அதன் அருகே வெல்டிங் சூடு பட்டால் உலோகத்தின் தன்மை மாறி, வெளியே தெரியாத வெடிப்புக்கு வழியாகிவிடும். நீல நிறம் வேறு, அங்கே ஏற்கெனவே கடுஞ்சூடு ஏறியதைக் காட்டுகிறது. முன் சக்கரம் கழன்றால் திசைமாற்றமே கையை விட்டுப் போகும் என்பதால், வலப்புற ஸ்பிண்டிலை மாற்றுவதே என் உறுதியான கருத்து.

பூட்டும்போது ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்குங்கள். அப்போதுதான் ரோலர்கள் நேராக அமரும். பிறகு தளர்த்தி, வண்டியின் கையேடு சொல்லும் முறைப்படி மீண்டும் திருகி, டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவியை) ஹப்பில் வைத்து உள்ளும் வெளியுமாக இழுத்துப் பாருங்கள். கனரக வண்டிகளுக்குப் பொதுவாக 0.025 முதல் 0.125 மி.மீ. வரையிலான ஆட்டம் ஏற்கப்படுகிறது. நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் புதிதாகவே இருக்கட்டும். முதல் ஓட்டத்துக்குப் பின் இரு ஹப்புகளின் சூட்டையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் ஆட்டத்தை மறுபடி அளந்த பிறகே வண்டியை எடுங்கள்.