காபி மூளைக்கு பவர் குடுக்குதா, இல்ல ஏமாத்துதா?

ஏற்காட்டான்: "காபி களைப்ப போக்காது, மூளைய ஏமாத்துது"ன்னு நேத்து ஒருத்தர் இங்க எழுதியிருந்தாரு. எங்க தோட்டத்துல பழம் பறிக்கறவங்க காலைல ஒரு டம்ளர் குடிச்சிட்டுதான் சரிவுல ஏறுறாங்க, மத்தியானம் வரைக்கும் கை சளைக்கறதில்ல. பவர் வராமலா?

அஸ்தம்பட்டி: எழுதுனது நான்தாங்ண்ணா. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒரு கெமிக்கல் சேந்துகிட்டே போகும், அது நியூரான் (நரம்பு செல்) முனையில இருக்கற ஏ1ங்கற ரிசப்டர்ல, அதாவது கெமிக்கல் வந்து ஒட்டற எடத்துல, உக்காந்தா கால்சியம் உள்ள வர்றது கொறையும், அப்ப ரெண்டு நியூரான் சேர்ற சைனாப்ஸ்ல, அடுத்த நியூரான உசுப்பற குளுட்டமேட் கம்மியாத்தான் வெளிய வரும், கண்ணு சொருக ஆரம்பிக்கும். காபில இருக்கற கஃபீன் என்ன பண்ணுதுன்னா, புது பஸ் ஸ்டாண்டுல ஏற்காடு பஸ் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கற மாதிரி, அந்த ரிசப்டர புடிச்சு வெச்சுக்குது. உக்காந்த எடத்துல அடினோசின் செய்யற வேலைய செய்யாது. அடினோசின் அங்கயேதான் இருக்கு.

ஏற்காட்டான்: தடுக்கறத தடுத்தா சேதி நல்லா போகுமில்ல தம்பி, அது பவர் இல்லாம என்ன? டோபமைன் வேற ஏறுதாமே, சந்தோஷ கெமிக்கல்.

அஸ்தம்பட்டி: சந்தோஷ கெமிக்கல்னு சொல்றதத்தான் ஏத்துக்கவே முடியல. அதே டோபமைன் டி1 ரிசப்டர் இருக்கற நியூரான்ல, செல்லுக்குள்ள சேதி கடத்தற சைக்ளிக் ஏஎம்பிய ஏத்தும், டி2 இருக்கறதுல எறக்கும், ஒண்ணு உசுப்பாகும் பக்கத்துலயே இன்னொண்ணு அடங்கும். அந்த டி2 நியூரான்லயே அடினோசினோட ஏ2ஏ ரிசப்டரும் இருக்கு, ரெண்டும் எதிரும் புதிரும். கஃபீன் ஏ2ஏவ மறிச்சா இருக்கற டோபமைனோட கையே ஓங்கிடும்.

ஜங்ஷன் டீச்சர்: ஒரு கெமிக்கல் என்ன செய்யும்ங்கறதுக்கு எந்த ரிசப்டர்ங்கறதுதான் கேள்வியே. இந்த மாதிரி கெமிக்கலுங்க என்ன பண்ணும்னு நரம்பியல் விஞ்ஞானி ஈவ் மார்டர் நண்டோட வயித்து நரம்பு முடிச்சுல காட்டுனாங்க. மொத்தமே 30 நியூரான் சுமாருக்கு, வயரிங் அதேதான், ஆனா மாடுலேட்டர், அதாவது டோபமைன் மாதிரி நியூரானோட போக்க மாத்தற கெமிக்கல், மாற மாற வேற வேற தாளம் வரும். குளுட்டமேட் மில்லிசெகண்ட்ல முடிச்சிடற வேலைக்கு பக்கத்துல இதுங்க செகண்டு, நிமிஷம்னு நீடிக்கும்.

ஏற்காட்டான்: சரிங்க டீச்சர், எங்கப்பா ராத்திரி 9க்கு குடிச்சிட்டு 10க்கு கொறட்ட விடறாரே, அதுக்கு?

அஸ்தம்பட்டி: தினம் குடிச்சா உடம்பு பழகிக்கும், ஈரல் கஃபீன கரைக்கற வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். பொதுவா பாதி கரையவே 5 மணி நேரம் ஆகும்ங்ண்ணா. தூக்கம் வந்தாலும் ஆழம் கொறையலாம். நீட்டுக்கு படிக்கற பசங்களுக்கு தயவுசெஞ்சு ராத்திரி போட்டு குடுக்காதீங்க, படிச்சது பதியறதுக்கு தூக்கம் வேணும்.

ஏற்காட்டான்: பசங்க விஷயம் சரி. காலை டம்ளர்ல நான் மாற மாட்டேன், களைப்பு நாலு மணி நேரம் தள்ளிப் போனாலே பறிக்கறவங்களுக்கு கூலி கூடுது.